அக்டோபர் வரை சும்மா இரு

மார்ச் 11

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் அத்தானும் பிள்ளைகள் இருவரும் நலம். நீ, உன் வீட்டுக்காரி, பாப்பா மூவரும் புது ஊரில் ஒருவழியாக ஒண்டிக்கொண்டீர்களா? சாமான் ஏற்றிய லாரியில் கட்டிலின் ஒரு கால் உடைந்துவிட்டதாமே. செங்கல் வைத்துச் சமாளி.

அழுது முடித்துவிட்டாயா? முடித்திருந்தால் நான் சொல்வதைக் கேள். நீ போன மறுநாளே அலுவலகத்துக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. ஆள் எடுக்கிற பிரிவின் தட்டச்சு முழுக்க என் மேஜையில்தானே, நான்தான் முதலில் படித்தேன். அரசாங்கம் நானூறு பஸ் வாங்கப்போகிறது. பஸ் போதவில்லை என்று அல்ல. வியாபார மந்தத்தில் படுத்துக்கிடக்கிற தொழிற்சாலைகள் எழுந்து ஓட வேண்டுமாம். நானூறு பஸ்ஸுக்கும் சீட் செய்கிற வேலை நம் தொழிற்சாலைக்கு. அக்டோபர் முதல் வாரம் ஆள் எடுப்பார்கள். ஒரே ஒரு நிபந்தனை. தொடர்ந்து ஆறு மாதம் வேலையில்லாமல் இருந்தவர்களைத்தான் எடுக்க வேண்டும். அப்படி எடுத்தால் ஒரு வருடத்துக்குப் பாதிச் சம்பளத்தை அரசாங்கமே கொடுத்துவிடும்.

ஆக, மார்ச்சில் உங்களை வெளியே தள்ளிய அதே மேனேஜர் அக்டோபரில் வாசலில் நின்று வரவேற்பார், முன்பின் பார்த்திராத ஆளைப் போல. சிரிக்காதே. சட்டம் அப்படி.

நீ செய்ய வேண்டியதெல்லாம் சும்மா இருப்பதுதான். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்து அட்டை வாங்கு. மாதம் ஒரு தடவை போய் முத்திரை வாங்கு. நடுவில் ஒரு நாள் கூலிக்குப் போனாலும் அட்டையில் ஏற்றிவிடுவார்கள், ஆறு மாதம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். அரசாங்கமே நடத்துகிற நிவாரண வேலைக்கும் போகாதே, அதுவும் வேலைக் கணக்குதான். சின்ன வயதிலிருந்து நான் எதைச் சொன்னாலும் தலைகீழாகச் செய்வாய். இந்த ஒரு தடவை அக்கா பேச்சைக் கேட்டுச் சோம்பேறியாக இரு.

பதினோரு வருடம் நீ நின்று சீட்டுக்கு ஸ்பாஞ்ச் வெட்டிய மேஜை அப்படியே கிடக்கிறது. உன்னை விட்டால் அதற்கு ஆள் ஏது? யாரோ அதன் மேல் சாப்பாட்டு டப்பாவை வைத்திருந்தார்கள். எடுக்கச் சொல்லிவிட்டேன்.

அலுவலகத்துக்குப் போன் செய்யாதே. பக்கத்து மேஜைக்காரருக்கு வேலை குறைந்ததிலிருந்து காது நீண்டுவிட்டது. எதுவானாலும் கடிதம் போடு.

பாப்பாவுக்கு என் முத்தங்கள்.
அக்கா


மார்ச் 26

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்து மூவரும் மூன்று தடவை படித்தோம். நாங்கள் நலம். கட்டிலுக்குச் செங்கல் வைத்தாயிற்று. பாப்பா அதில் உருண்டு விளையாடுகிறாள். உன் தம்பி மனைவிக்கு ஆஸ்பத்திரித் துணி இஸ்திரி போடுகிற இடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. காலையில் போனால் இருட்டுகிற நேரத்துக்குத்தான் வருகிறாள். அவள் வேலைக்குப் போகிறாள், நான் சும்மா இருக்கப் போகிறேன். யாருக்கு அதிகக் களைப்பு என்று தெரியவில்லை.

அட்டை வாங்கிவிட்டேன். வரிசை தெருமுனை வரை நின்றது. என் முறை வந்ததும் அந்த எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வேலை தேடினீங்களா?"

"தேடினேன் சார்."

"கிடைச்சுதா?"

"இல்ல சார்."

"நல்லது" என்று முத்திரை குத்தினார். வேலை கிடைக்காததற்கு ஒருவர் என்னைப் பாராட்டுவது இதுதான் முதல் தடவை.

அக்கா, விளையாட்டாக எழுதினாலும் ஒன்று சொல்ல வேண்டும். அன்று கேட்டுக்கு வெளியே வந்தபோது கால் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றேன். உன் கடிதம் வந்த பிறகுதான் சரியாகத் தூங்குகிறேன். இனிமேல் உன்னை எதிர்த்துப் பேசினால் கேள்.

அத்தானை விசாரித்ததாகச் சொல். டைல்ஸ் கடையில் வியாபாரம் எப்படி? வீடு கட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்களா?

உன் சொல்பேச்சு கேட்கும்
தம்பி


மே 5

அன்புத் தம்பிக்கு,

நலம். நீங்களும் அப்படியே என்று நம்புகிறேன். உடனே பதில் போட முடியவில்லை, அலுவலகத்தில் தலைக்கு மேல் வேலை. பெரியவனுக்கு ஒரு வாரம் காய்ச்சல், இப்போது தேறிவிட்டான். நல்லவேளை, அத்தான் கூடவே இருந்து பார்த்துக்கொண்டார். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளைக் கொண்டுவிடுவது, கூட்டிவருவது எல்லாம் அவர்தான். சமையல்கூடக் கற்றுக்கொண்டார். உப்பு மட்டும் இன்னும் பிடிபடவில்லை.

உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். ஒவ்வொரு மேஜையிலும் என்ன வேலை, எப்படிச் செய்வது என்று எழுதிக் கோப்பில் வைக்க வேண்டுமாம். அக்டோபரில் தேர்வு வைக்க வருகிற அரசாங்க ஆய்வாளர் பார்ப்பாராம். ஸ்பாஞ்ச் வெட்டுவதை உன்னைத் தவிர யார் எழுத முடியும்? கத்தியைக் கையால் தொட்டே பார்க்காதவர் படித்தாலும் புரிகிற மாதிரி எழுது. அவசரமில்லை, ஆனால் சீக்கிரம் அனுப்பு.

அக்கா


மே 12

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். பெரியவன் தேறியது கேட்டு நிம்மதி. அத்தான் சமைக்கிறாரா! கசங்காத சட்டையும் மடிக்காத கையுமாக நிற்கிற மனிதர், அடுப்புப் பக்கம் வந்துவிட்டாரே. கடையில் விடுமுறையா?

உன் கடிதம் வந்த நாளிலிருந்து எனக்குக் கால் தரையில் இல்லை. பதினோரு வருடத்தில் யாரும் என்னிடம் "இதை எப்படிச் செய்கிறாய்" என்று கேட்டதில்லை. நன்றாக வந்தால் தைத்தவருக்குப் பெயர், கோணினால் ஸ்பாஞ்சுக்குத் திட்டு. எழுத உட்கார்ந்தேன், நாலு பக்கம் ஆகிவிட்டது. தனித்தாளில் வைத்திருக்கிறேன். முக்கியமானது மட்டும் இங்கே.

பலகை அச்சை ஸ்பாஞ்ச் மேல் வைத்துப் பேனாவால் சுற்றிக் கோடு போட வேண்டும். வெட்டுவது கோட்டின் மேல் அல்ல, ஒரு விரல் தள்ளி வெளியே. அந்த ஒரு விரல்தான் மேல் உறையை விறைப்பாக நிறுத்துகிறது. எல்லாப் புது ஆளும் செய்கிற தப்பு, இடது கையால் ஸ்பாஞ்சை அழுத்திப் பிடிப்பது. அழுத்தினால் வெட்டும்போது நேராகத் தெரியும். கையை எடுத்ததும் உப்பி, ஓரம் குழிந்துவிடும். தொட்டுக்கொண்டிருக்கலாம், அழுத்தக் கூடாது, தூங்குகிற குழந்தை மேல் கை வைக்கிற மாதிரி. கத்தியில் அரை மணிக்கு ஒரு தடவை உலர்ந்த சோப்பைத் தேய்க்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே வருகிற முன் ஓரத்தில் கெட்டி ஸ்பாஞ்ச் அடியில், மிருதுவானது மேலே. பசை தடவினதும் ஒட்டக் கூடாது. தொட்டால் விரலில் ஒட்டாத பதத்துக்குக் காய்ந்த பிறகுதான் ஒட்ட வேண்டும்.

மூலை வெட்டுவதை எழுதவில்லை. அதை எழுத்தில் சொல்ல முடியுமா என்று யோசிக்கிறேன்.

இங்கே கால்வாய் தூர்வாரும் நிவாரண வேலைக்கு ஆள் சேர்க்கிறார்கள். பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்டிக் கூப்பிட்டார். வரவில்லை என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார். பொண்டாட்டி உழைப்பில் சாப்பிடுகிறவன் என்று தெருவே முடிவு கட்டிவிட்டது. போகட்டும், அக்டோபர் வரைதானே.

தம்பி


ஜூலை 1

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். ஏழு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நாலு பக்கம் கிடைத்ததா என்றுகூடத் தெரியவில்லை. யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

இந்தக் கடிதத்துக்கு நீ உடனே பதில் போட வேண்டும். விஷயம் இதுதான். கடைத்தெருவில் ஒரு சோபாக் கடை இருக்கிறது. பொழுது போகாமல் அந்தப் பக்கம் நடப்பேன். போன வாரம் உள்ளே ஒரு தொழிலாளி ஸ்பாஞ்சை அழுத்திப் பிடித்து வெட்டுவதைப் பார்த்தேன். எனக்கு வாய் சும்மா இருக்குமா? வாசலிலிருந்தே "கையை எடுங்க, கையை எடுங்க" என்று கத்திவிட்டேன். முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டு ஒரு துண்டு வெட்டச் சொன்னார். வெட்டினேன். கையால் தடவிப் பார்த்தார். "இத்தனை நாளா எங்கய்யா இருந்தே?" என்றார்.

நிரந்தர வேலை தருகிறேன் என்கிறார். சம்பளம் நம் தொழிற்சாலையை விடக் குறைவு, ஆனால் வருடம் முழுக்க உண்டு. மந்தம் வந்தால் ஜனங்கள் புது சோபா வாங்காமல் பழையதைத்தான் சரி செய்வார்களாம். வருகிற பதினான்காம் தேதி ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பார்.

போனால் என் அட்டை செல்லாது, நானூறு பஸ்ஸும் போய்விடும். போகாமல் இருந்து அக்டோபரில் ஏதாவது தடங்கல் வந்தால் இரண்டும் போய்விடும். அதனால் கேட்கிறேன் அக்கா. ஸ்பாஞ்ச் மேஜை எனக்கு உறுதிதானா? உறுதி என்று ஒரு வார்த்தை எழுது, அவருக்கு இல்லை என்று சொல்லிவிடுகிறேன். உறுதி இல்லை என்றால் அதையும் எழுது. வருத்தப்பட மாட்டேன், சோபா தைக்கப் போய்விடுவேன்.

எதிர்பார்த்திருக்கும்
தம்பி


ஜூலை 9

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் நலம். எழுத நேரமே இல்லை, மன்னித்துக்கொள். நாலு பக்கமும் கிடைத்தது. மிகவும் நன்றாக எழுதியிருக்கிறாய்.

நீ எதற்குக் கலங்குகிறாய்? பட்டியலில் உன் பெயரை என் கையாலேயே எழுதினேன். ஸ்பாஞ்ச் மேஜைக்கு நேராக முதல் பெயர். நான் இருக்கிற அலுவலகத்தில் உனக்கு என்ன தடங்கல் வந்துவிடப் போகிறது? இத்தனை மாதம் பொறுத்தாய், கொஞ்சம் பொறு.

மூலை வெட்டுவதை எப்படியாவது எழுதி அனுப்பு. படம் போட்டு அனுப்பினால் இன்னும் நல்லது. தேர்வில் அதைத்தான் கேட்பார்களாம். கோப்பில் அது மட்டும் குறைகிறது.

அக்கா


ஜூலை 16

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே போய்ச் சோபாக் கடைக்காரரிடம் இல்லை என்று சொல்லிவிட்டேன். "யோசிச்சுத்தான் சொல்றியா?" என்று இரண்டு தடவை கேட்டார். எங்க அக்கா அங்க இருக்காங்க என்றேன்.

வீட்டில் இவள் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. உன் கடிதத்தை விளக்கடியில் வைத்துப் படித்துவிட்டு, "உறுதின்னு அண்ணி எங்க எழுதியிருக்காங்க? பேரை எழுதினேன்னுதானே இருக்கு?" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. எங்க அக்காவைப் பத்தி உனக்கு என்ன தெரியும் என்று கத்திவிட்டேன். பத்து வயதில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வெள்ளத்தில் நடந்தவள் நீ. அவளுக்கு அதெல்லாம் தெரியாது. அவள் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாதே, அவளை விசாரித்து ஒரு வரி எழுது, சமாதானமாகிவிடுவாள்.

மூலையைப் படமாகவே போட்டிருக்கிறேன். மூலையை ஒரே வீச்சில் வளைத்து வெட்டக் கூடாது. முதல் தடவை குறுக்கே நேராகச் சீவித் தள்ள வேண்டும். இரண்டாம் தடவை கத்தியை நட்டமாக வைத்து, கத்தியைத் திருப்பாமல் மேஜையைச் சுற்றி நாம் நடக்க வேண்டும். ஆள் திரும்பினால் மூலை தானாகத் திரும்பும். இதை நான் யாருக்கும் சொல்லித்தந்ததில்லை. கேட்டது நீ என்பதால் எழுதுகிறேன்.

அத்தானை விசாரித்ததாகச் சொல். அவரைப் பற்றி நீ எழுதுவதே இல்லையே.

தம்பி


செப்டம்பர் 23

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பதில் இல்லாமல் இரண்டு மாதம் ஆகிறது. ஆறு முத்திரையும் விழுந்துவிட்டது. ஏழாவதும் வாங்கிக்கொண்டேன், இருக்கட்டும் என்று. தேர்வு மூன்றாம் தேதி என்று இங்கே செய்தித்தாளிலேயே போட்டிருக்கிறார்கள். என்னோடு வெளியே வந்த தையல்காரர் இரண்டு பேருக்கும் அழைப்புக் கடிதம் வந்துவிட்டதாம். எனக்கு வரவில்லை. தபாலில் எங்கேயாவது தொலைந்திருக்கும். நீ அலுவலகத்தில் இருக்கிறாய், எனக்கு எதற்கு அழைப்புக் கடிதம்! அட்டையோடு நேரே வந்துவிடுகிறேன்.

தம்பி


அக்டோபர் 6

அக்காவுக்கு,

நான் இங்கே வீடு வந்து சேர்ந்துவிட்டேன். நலமாக இருக்கிறேனா என்று நீ கேட்க மாட்டாய் என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

மூன்றாம் தேதி காலை முதல் பஸ்ஸில் வந்தேன். கேட்டில் நம் பழைய காவலாளிதான் நின்றார். "வாய்யா ஸ்பாஞ்சு!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். பட்டியலில் என் பெயரைத் தேடினார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி தேடினார். "உன் பேர் இல்லையேய்யா. எழுதி, குறுக்கே கோடு போட்டிருக்கு. வேற ஒருத்தர் பேர் கீழ இருக்கு பாரு" என்று எனக்கே காட்டினார். கோடும் உன் கைதான், கீழே இருந்த பெயரும் உன் கைதான். பதினோரு வருடமாகப் பார்க்கிற கையெழுத்து எனக்குத் தெரியாதா?

சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் அத்தான் உட்கார்ந்திருந்தார். தேய்த்த சட்டை, கை மடிக்கவில்லை. மடியில் என் நாலு பக்கம். உதடு அசைய அசைய மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். ஒரு கையால் காற்றில் எதையோ மெதுவாகத் தொட்டுப் பார்த்தார், அழுத்தாமல். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது அக்கா. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"தம்பி! நீ எங்க இங்க? சோபாக் கடையில நிரந்தரமாக் கிடைச்சிருச்சாமே! உங்க அக்கா சொன்னா. உனக்கு இந்த இடம் இனிமே வேண்டாம், அத்தானே எடுத்துக்கட்டும்னு நீயே எழுதினியாமே. இந்தக் காலத்துல யாருப்பா இப்படி விட்டுக்கொடுப்பா?"

உண்மையைச் சொன்னால் அந்த மனிதர் அங்கேயே உடைந்துபோவார். அவர் என் தோளில் கை போட்டு, "ஒரே ஒரு சந்தேகம் தம்பி. மூலையில ரெண்டாவது தடவை கத்தியைச் சாய்க்கணுமா?" என்று கேட்டார்.

"சாய்க்காதீங்க அத்தான். நட்டமா வச்சுட்டு நீங்க நடங்க" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

நிமிர்ந்து பார்த்தால் மாடி ஜன்னலில் நீ நிற்கிறாய். நான் பார்த்ததைப் பார்த்தாய். திரையை இழுத்துவிட்டாய். கீழே இறங்கி வருவாய் என்று கேட்டருகே பத்து மணி வரை நின்றேன்.

நீ வரவில்லை.


அக்டோபர் 21

அன்புத் தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை ஆறு தடவை எழுதிக் கிழித்தேன். இதை அனுப்பிவிடுகிறேன்.

மார்ச்சில் நான் எழுதியது சத்தியமாக உனக்காகத்தான். அந்த மாதக் கடைசியில் டைல்ஸ் கடையை மூடிவிட்டார்கள். யாரும் வீடு கட்டவில்லை. அத்தான் தினமும் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கிளம்பிப் போய், பூங்காவில் உட்கார்ந்துவிட்டுச் சாயங்காலம் வருவார். எனக்கே மூன்று வாரம் கழித்து, ஏப்ரல் முதல் தேதியிட்ட வேலைவாய்ப்பு அட்டையை அவர் சட்டைப் பையில் பார்த்தபோதுதான் தெரியும். அவர் மானத்துக்காக யாரிடமும் மூச்சு விடவில்லை.

மே மாதம் உன்னிடம் செய்முறை கேட்டபோது என் மனதில் என்ன இருந்தது என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. தெரியும், ஆனால் அதை நானே பார்க்க விரும்பவில்லை. உன் பெயருக்குக் கீழே அவர் பெயரையும் எழுதிவைத்தேன், இரண்டு பேருக்கும் ஏதாவது கிடைக்கட்டும் என்று. ஜூனில் புது விதி வந்தது. அலுவலகத்தில் இருப்பவருக்கு உறவு என்றால் ஒருவர்தான். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். நீ வாலிபன், உன் கையில் தொழில் இருக்கிறது, எங்கேயும் பிழைத்துக்கொள்வாய். அவருக்குப் பேச மட்டும்தான் தெரியும். கோடு போட்டுவிட்டேன்.

சோபாக் கடைக்குப் போ என்று எழுதத்தான் நினைத்தேன். போ என்றால் ஏன் என்று கேட்பாய். அந்த ஏன் என்பதற்குப் பதில் எழுத எனக்குக் கை வரவில்லை. மூலை வெட்டும் முறையும் அப்போது உன்னிடமிருந்து வந்து சேர்ந்திருக்கவில்லை. இதையும் எழுதிவிடுகிறேன், இனி மறைத்து என்ன ஆகப்போகிறது.

அத்தானுக்கு இன்னும் எதுவும் தெரியாது. தெரிந்தால் மறுநாளே வேலையை விட்டுவிடுவார். என்னைத் திட்டியாவது ஒரு வரி எழுது. பாப்பா எப்படி இருக்கிறாள்? தம்பி மனைவி என்னை மன்னிப்பாளா?

அக்கா


டிசம்பர் 2

அன்புத் தம்பிக்கு,

நீ பதில் போடவில்லை. போட மாட்டாய் என்று தெரிந்தும் தினமும் தபால்காரரைப் பார்க்கிறேன். அங்கே குளிர் அதிகமாமே. பாப்பாவுக்கு ஒரு கம்பளிச் சட்டை தனியாக அனுப்பியிருக்கிறேன்.

இதைக் கேட்க எனக்கு முகம் இல்லை. ஆனாலும் கேட்கிறேன். அத்தானை மூன்று மாதச் சோதனையில்தான் வைத்திருக்கிறார்கள். டிசம்பரோடு முடிகிறது. நேர் முதுகுச் சீட் வரை உன் நாலு பக்கத்தை வைத்துச் சமாளித்துவிட்டார். இப்போது இரண்டாவது ஆர்டரில் சீட்டின் முதுகு வளைவாக இருக்கிறது. வளைத்து ஒட்டினால் ஸ்பாஞ்ச் மடிப்பு மடிப்பாகச் சுருங்குகிறது. பத்துக்கு எட்டு திரும்பி வருகிறது. மேனேஜர் இந்த மாதக் கடைசி வரை பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு போனால் மறுபடி ஆறு மாதம் அட்டையில் முத்திரை குத்த வேண்டும். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இந்தத் தவணையே இன்னும் கட்டவில்லை.

சீட்டின் படத்தை இதோடு வைத்திருக்கிறேன். உனக்குப் பார்த்தாலே தெரியும். அடுத்த பட்டியல் வரும்போது உன் பெயரைத்தான் முதலில் எழுதுவேன், நம் அம்மா மேல் ஆணை.

அக்கா


டிசம்பர் 11

அக்காவுக்கு,

கம்பளிச் சட்டை வந்தது. பாப்பா போட்டுக்கொண்டாள், அவளுக்கு ஒன்றும் தெரியாது.

நான் அக்டோபர் பத்திலிருந்து கால்வாயில் இருக்கிறேன். தூர்வாருகிற நிவாரண வேலை. முதல் நாள் அட்டையைக் கொடுத்தபோது அந்த எழுத்தர் ஏழு முத்திரையையும் பார்த்துவிட்டு, "இவ்வளவு நாள் பொறுத்து இப்ப எதுக்குய்யா கெடுத்துக்கிறே?" என்றார். இடுப்பளவு சேற்றில் நின்று மண்வெட்டியால் அள்ளிக் கரையில் வீச வேண்டும். மார்ச்சில் இந்த வேலை முடிந்துவிடும். அரசாங்கம் அதுவரைக்கும்தான் பணம் ஒதுக்கியிருக்கிறதாம். சோபாக் கடையில் ஜூலையிலேயே வேறு ஒருவரை எடுத்துவிட்டார்கள். ஸ்பாஞ்சை இன்னும் அழுத்தித்தான் பிடிக்கிறார். நான் அந்தத் தெரு வழியாகப் போவதை விட்டுவிட்டேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இவள், "எழுதிக் குடுத்துடுங்க. அந்தப் பிள்ளைங்க என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள். உன்னை ஜூலையிலேயே புரிந்துகொண்டவள் சொல்கிறாள். அவளுக்காக மூன்று நாள் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அக்கா, நீ அத்தானைத் தேர்ந்தெடுத்ததில் எனக்குக் கோபம் இல்லை. உன் புருஷன், உன் பிள்ளைகள், யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள். மே மாதம், "தம்பி, அத்தானுக்கு வேலை போய்விட்டது, உன் இடத்தை அவருக்குக் கொடு" என்று நீ எழுதியிருந்தால் கொடுத்திருப்பேன். கடிதத்தில் என்ன, நேரிலேயே வந்து அவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுத்திருப்பேன். நான் சோபாக் கடைக்குப் போயிருப்பேன். இரண்டு வீட்டிலும் அடுப்பு எரிந்திருக்கும். என்னிடம் கேட்டாலே கிடைத்திருக்கக்கூடிய ஒன்றை எதற்காகத் திருடினாய்? நீ என்னைக் கேட்கக்கூட லாயக்கில்லாதவன் என்று நினைத்துவிட்டாய். மற்றதெல்லாம் ஆறிவிடும், இது ஆறவில்லை.

உன் படத்தைப் பிரித்துப் பார்த்த நிமிடமே வளைந்த முதுகை எப்படி வெட்டுவது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சின்ன விஷயம்தான். பத்து வரியில் அடங்கிவிடும். எழுதினால் அத்தானுக்கு வேலை நிலைக்கும், எழுதாவிட்டால் போய்விடும். பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்பதும் தெரியும். எல்லாம் தெரிந்துதான் சொல்கிறேன், எழுத மாட்டேன்.

வரும், பார்க்கலாம், பொறு என்றெல்லாம் உன்னை இழுத்தடிக்க மாட்டேன். படத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மாதம் முடிய இன்னும் இருபது நாள் இருக்கிறது. வேறு இடம் பார்க்கச் சொல் அவரை.

தம்பி